பாடசாலைகளுக்கு எல்லை வகுத்தல்

ஐக்கிய அமெரிக்காவில் வீடு வாங்கப் புறப்படும் ஒரு குடும்பம், விலையையும் அறைகளின் தொகையையும் விசாரித்த பின்னர், தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவ்வீடு எந்தப் பாடசாலைக்கு உரியது என்பதே அக்கேள்வி. அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் அரசாங்கப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கல்விச் சபையின் காரியாலயத்தில் இருக்கும் தேசப்படத்திலே அது கோடாக வரையப்பட்டிருக்கும். கோட்டுக்கு இப்பால் வதியும் பிள்ளை ஒரு பாடசாலைக்குச் செல்லும். தெருவின் எதிர்ப்பக்கத்திலே, கோட்டுக்கு அப்பால் வதியும் பிள்ளை வேறொரு பாடசாலைக்குச் செல்லும். வீட்டின் விலாசத்தைச் சொன்னால் போதும். அவ்வீட்டுப் பிள்ளை ஐந்து வயது முதல் பதினெட்டு வயது வரையில் எந்தெந்தப் பாடசாலைகளிற் படிக்கும் என்பதைக் காரியாலய லிகிதர் ஒருவர் உடனே சொல்லிவிடுவார்.

இலங்கையில் இம்முறை இல்லை. இங்கே முதலாம் ஆண்டு அனுமதியின்போது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரம் புள்ளியிட்டுக் கணிக்கப்படுகிறது. பெற்றோர் காணி உறுதியையும் வாக்காளர் இடாப்பின் பிரதியையும் எடுத்துக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குச் செல்கின்றனர். அமெரிக்காவிலோ அந்தப் போட்டி பாடசாலையின் வாயிலில் நிகழ்வதில்லை. வீடு வாங்கும்போதே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆகையால், வகுத்த கோட்டைக் கல்விச் சபை மாற்ற முற்படும் வேளையில், முடிந்துவிட்டதென்று பெற்றோர் எண்ணியிருந்த போட்டி மீண்டும் தொடங்குகிறது. மேரிலாந்து மாநிலத்தின் ஹவர்ட் மாவட்டத்திலே 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதுவே. அம்மாவட்டம் வாஷிங்டன் நகருக்கும் பால்டிமோர் நகருக்கும் இடைப்பட்டது. இரு நகரங்களுக்கும் தொழிலுக்குச் செல்வோர் குடியிருக்கும் புறநகர்ப் பிரதேசம். அந்நாட்டின் செல்வம் மிக்க மாவட்டங்களுள் ஒன்று.

அங்கு எழுந்த பிணக்கை விளங்கிக்கொள்ளுவதற்கு, அமெரிக்கக் கல்வி நிருவாகத்தில் இருவகைக் கோடுகள் உண்டு என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, கல்வி மாவட்டத்தின் வெளிக்கோடு. அந்நாட்டிலே ஏறக்குறைய 13,000 கல்வி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குக் குடிமக்கள் தெரிந்தெடுத்த தனிச் சபையும் தனி வரவுசெலவுத் திட்டமும் உண்டு. பாடசாலைச் செலவின் பெரும் பங்கொன்று உள்ளூரிலே வீடு வளவுகள்மீது விதிக்கப்படும் வரியிலிருந்தே வருவதால், வெளிக்கோடு பணத்தையும் பிரிக்கின்றது. மற்றையது, ஒரு கல்வி மாவட்டத்துக்குள்ளே ஒரு பாடசாலையை இன்னொரு பாடசாலையிலிருந்து பிரிக்கும் உட்கோடு. அதை மாற்றுவதற்குச் சபையின் வாக்கெடுப்பு ஒன்றே போதும். வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் சிற்றூர் ஒவ்வொன்றும் தனிக் கல்வி மாவட்டமாக இருக்க, மேரிலாந்திலே ஒரு மாவட்டத்தின் பாடசாலைகள் யாவும் ஒரே சபையின் கீழ் உள்ளன. பால்டிமோர் நகரையும் சேர்த்து மாநிலம் முழுவதிலும் 24 கல்வி நிருவாகங்களே இருக்கின்றன. செல்வர் வதியும் குறிச்சியும் வறியவர் வதியும் குறிச்சியும் ஒரே சபையின் கைக்குள் அடங்கியிருப்பது இதனாலேயே. இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் ஹவர்ட் மாவட்டத்தின் கதை முழுவதும் இதன்மீதே நிற்கின்றது.

கோட்டை ஏன் மாற்ற வேண்டும்? சாதாரணமான காரணம் இடநெருக்கடி. புதிய வீடுகள் எழும் பக்கத்திலே பாடசாலை நிரம்பி வழிகிறது. பழைய குறிச்சியிலே பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட, வகுப்பறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. நிரம்பிய பாடசாலையின் முற்றத்திலே தற்காலிகக் கொட்டகை வகுப்புகள் வரிசையாக முளைக்கின்றன. மதிய போசனத்துக்குக் காலை பத்தரை மணிக்கே முதற் பந்தி வைக்க வேண்டிய நிலையுங்கூட நெருக்கடி மிக்க பாடசாலைகளில் ஏற்படுவதுண்டு. புதிய பாடசாலை கட்டுவதற்குப் பெருந்தொகையும் பல ஆண்டுகளும் வேண்டும். கோட்டை நகர்த்துவதற்கு அவை வேண்டியதில்லை.

ஹவர்ட் மாவட்டத்திலே இவ்வேலைக்காக நிலப்பரப்பு முழுவதையும் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். அத்துண்டுகளுக்குப் பலகோணங்கள் என்று பெயர்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒரு பலகோணத்திலே எத்தனை வீடுகள், எத்தனை மாணாக்கர், இன்னும் சில ஆண்டுகளில் எத்தனை பேர் சேரக்கூடும் என்ற கணக்குகள் எடுக்கப்படும். பின்னர் இந்த இலக்கம் இப்பாடசாலைக்கு, அந்த இலக்கம் அப்பாடசாலைக்கு என்று மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பர். எந்தப் பாடசாலையும் தன் கொள்ளளவில் நூற்றுக்கு 90-க்குக் குறையாமலும் 110-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது சபையின் விதி. நடந்து செல்லக்கூடிய பிள்ளையைப் பஸ் வண்டியில் ஏற்றலாகாது. ஆரம்பப் பாடசாலையில் ஒன்றாகப் படித்தோரை அடுத்த படியிலே சிறு கூட்டமாகப் பிரித்து அனுப்பலாகாது. ஒரே குறிச்சியை அடிக்கடி மாற்றலாகாது என்பன போன்ற நியமங்களும் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றுதல் ஏறக்குறைய இயலாத காரியம். ஒரு பலகோணத்தை எடுத்தால் இன்னொன்று சரியும். கோடு மாற்றம் பேசப்படும் காலத்திலே ஊரவர் தத்தம் தெருப் பெயரை விட்டுப் பலகோண இலக்கத்தைச் சொல்லியே தம்மை அறிமுகம் செய்துகொள்வர்.

கணக்கு வேலையாகத் தோன்றும் இக்காரியத்திலே ஆரம்பம் முதல் வேறொன்றும் கலந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு பாடசாலைகளில் வைத்தல் அரசியலமைப்புக்கு முரணானதென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதன் பின்னர், வெளிப்படையான தடை செய்துவந்த வேலையைப் பல இடங்களிலே கோடு செய்யத் தொடங்கிற்று. டென்வர் நகரிலே, பார்க் ஹில் பகுதிக்கு மேற்கே கறுப்பினத்தவர் வாழ்ந்த குறிச்சியின் நடுவே 1960-இல் பரெட் என்னும் சிறிய பாடசாலை ஒன்றைக் கட்டினர். அதன் பருமனும் எல்லையும் அக்குறிச்சிக்கு அளவெடுத்துத் தைத்தவை போல் இருந்தன. அங்கே பிள்ளைகளைப் பிரிக்கும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் கட்டடத்தின் இடத்தையும் எல்லையையும் தெரிந்த முறையினாலேயே ஒரு சபை இனப்பிரிவினையை உண்டாக்கலாம் என்பதை உயர் நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

கோட்டினாற் பிரித்ததைக் கோட்டினாலேயே சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இருவேறு விடைகள் மூன்றாண்டு இடைவெளியில் வந்தன. வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகரமும் அதைச் சூழ்ந்த மெக்லன்பர்க் மாவட்டமும் ஒரே கல்வி நிருவாகமாக இணைந்திருந்தன. 550 சதுர மைல் பரப்பு, 84,000-க்கு மேற்பட்ட மாணாக்கர். அங்கே எல்லைகளைத் திருத்தி வரையவும், தூரத்துக் குறிச்சிகளை ஒரே பாடசாலையில் இணைக்கவும், பிள்ளைகளைப் பஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பவும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்று 1971-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. டெட்ராயிட் நகரின் கதை வேறு. நகரப் பாடசாலைகளிலே பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். நகரைச் சூழ்ந்த புறநகர்க் கல்வி மாவட்டங்களிலே பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். நகரத்தோடு 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து ஒரே திட்டம் வகுக்கக் கீழ் நீதிமன்றம் முற்பட்டது. 1974-ஆம் ஆண்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. புறநகர் மாவட்டங்கள் தவறிழைத்ததாக நிரூபிக்கப்படாதவிடத்து அவற்றின் வெளிக்கோட்டைத் தாண்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நகரத்தை விட்டு வெளிக்கோட்டுக்கு அப்பால் வீடு வாங்கியவருக்கு அது பெரிய காவலாயிற்று. உட்கோடு மட்டும் உள்ள இடத்திலே வாழ்பவருக்கு அத்தகைய காவல் இல்லை.

பின்னர் சட்டம் இன்னும் குறுகிற்று. சியாட்டில், லூயிவில் ஆகிய இரு நகரங்களின் சபைகள் பிள்ளை ஒவ்வொன்றின் இனத்தையும் பார்த்து இடம் கொடுத்த முறையை 2007-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனினும், பெரும்பான்மையோருடன் வாக்களித்த நீதியரசர் கெனடி தமது தனிக் கருத்தில், குறிச்சிகளின் குடிசனத் தன்மையைப் பொதுவாக அறிந்து எல்லைகளை வரைதல் ஆகும் என்று எழுதினார். அதன் பின்னர் பல சபைகள் இனத்தை விட்டு வருமானத்தை அளவுகோலாகக் கொண்டன. அதற்குக் கைக்கொள்ளும் கணக்கு மதிய போசனக் கணக்கு. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த போசனத் திட்டத்தின் கீழ், வறுமைக் கோட்டின் நூற்றுக்கு 130 பங்குக்கு மேற்படாத வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இலவச உணவும், 185 பங்கு வரையுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் குறைந்த விலை உணவும் உண்டு. ஒரு பாடசாலையில் இவ்வுணவுக்கு உரித்துடையோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அப்பாடசாலையின் வறுமைக்கு அளவாயிற்று. பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதற்காக எடுத்த கணக்கு, எல்லைப் பிணக்கிலே ஆயுதமாகிவிட்டது.

ஹவர்ட் மாவட்டமும் பிரிவினையின் நிழலிலிருந்து வந்ததே. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னரும் பதினொரு ஆண்டுகள் கறுப்பின மாணாக்கருக்கென ஹரியட் டப்மன் உயர்தரப் பாடசாலை அங்கே தனியாக நடைபெற்றது. 1965-இலேதான் அது மூடப்பட்டது. அதே காலத்திலே ஜேம்ஸ் ரவுஸ் என்னும் கட்டட முதலாளி அம்மாவட்டத்தின் பண்ணை நிலங்களைப் பல பெயர்களிலே மறைவாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 14,000 ஏக்கர் சேர்ந்தது. அந்நிலத்திலே 1967-ஆம் ஆண்டு கொலம்பியா என்னும் புதுநகரம் திறந்துவைக்கப்பட்டது. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும், மாளிகை வாங்கக்கூடியவரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே கிராமத்தில் அயலவராய் வாழ வேண்டும் என்பது ரவுஸின் எண்ணம். நகரைக் கிராமங்களாகப் பிரித்து, குறிச்சியின் நடுவே ஆரம்பப் பாடசாலையை வைத்து, பிள்ளைகள் நடந்தே செல்லுமாறு பாதைகளை அமைத்தனர். அயலவர் ஒருவரையொருவர் காணட்டும் என்று தபாற் பெட்டிகளையும் வீட்டு வாயிலில் வைக்காமல் ஓரிடத்திலே சேர்த்து வைத்தனர். பல சமயத்தவரும் ஒரே கட்டடத்தில் வழிபடும் நிலையங்களும் எழுந்தன.

நகரம் வளர்ந்தது, எண்ணம் அதே அளவில் வளரவில்லை. முதலிலே கட்டப்பட்ட வைல்ட் லேக் போன்ற கிராமங்களில் அடுக்குமாடி வீடுகளும் வாடகை வீடுகளும் பழையனவாகி, வருமானம் குறைந்தோர் அங்கே திரண்டனர். கடைசியாக மேற்கே எழுந்த ரிவர் ஹில் கிராமத்திலும், அதற்கப்பாலுள்ள பெரிய வளவுகளிலும் செல்வர் குடியேறினர். 2019-ஆம் ஆண்டளவில் மேற்குப் பக்கத்து உயர்தரப் பாடசாலைகள் சிலவற்றில் போசன உதவி பெறுவோர் நூற்றுக்கு ஐவர் என்ற அளவில் இருக்க, வைல்ட் லேக் போன்ற பாடசாலைகளில் அத்தொகை நாற்பதுக்கு மேல் நின்றது. ஒரே நகரத்தின் இரு கிராமங்கள், சில மைல் தூரம், ஒரே சபை. சேர்ந்து வாழ்வதற்கென்றே கட்டப்பட்ட ஊரிலே இந்நிலை உண்டானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் மாதத்திலே கல்வி அத்தியட்சகர் மைக்கேல் மார்டிரானோ ஒரு திட்டத்தைச் சபையின் முன் வைத்தார். ஏறக்குறைய 7,400 மாணாக்கரைப் பாடசாலை மாற்றுவது அத்திட்டம். நெருக்கடியைத் தணித்தல், பின்னர் கிழக்கே கட்டப்படவிருந்த பதின்மூன்றாவது உயர்தரப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்தல் ஆகிய வழக்கமான நோக்கங்களோடு மூன்றாவது நோக்கம் ஒன்றும் அதிலே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. போசன உதவி பெறும் பிள்ளைகள் சில பாடசாலைகளிலே குவிந்திருப்பதைக் குறைத்துப் பரவச் செய்தலே அது. இதன்படி மேற்குப் பக்கத்துக் குறிச்சிகள் சிலவற்றின் பிள்ளைகள் வைல்ட் லேக் பாடசாலைக்கும், கொலம்பியாவின் நடுப்பகுதிப் பிள்ளைகள் சிலர் ரிவர் ஹில் பாடசாலைக்கும் செல்ல வேண்டும். மாவட்ட மன்றமும் அவ்வாண்டு இலையுதிர் காலத்திலே இணைந்த கல்வியை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. கல்விச் சபை மன்றத்துக்குக் கட்டுப்பட்டதன்று. ஆயினும் அத்தீர்மானம் எரியும் நெருப்பில் நெய் வார்த்தது போலாயிற்று.

எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. பொதுவிசாரணைகள் பல இரவுகள் நீண்டன; ஆயிரக்கணக்கில் எழுத்து மூலமான சாட்சியங்கள் வந்தன; பதாகை ஏந்திய ஊர்வலங்கள் நடந்தன. அம்மாவட்டத்துப் பொது நூலகம் 2006-ஆம் ஆண்டு ஆரம்பித்த பண்பாட்டு இயக்கம் ஒன்றின் பயனாக, நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டும் என்னும் பொருள்பட்ட பச்சை நிறச் சின்னம் அங்கே பெருந்தொகையான மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அச்சின்னம் ஒட்டிய வண்டிகளிலே வந்தவர்களுட் சிலர் கூட்டங்களிற் பேசிய பேச்சு அச்சின்னத்துக்கு ஏற்றதாக இருக்கவில்லை. வறிய பிள்ளைகள் வந்தால் தங்கள் பாடசாலையின் தரம் கெடும் என்று ஒளிவு மறைவின்றி எழுதியோரும் இருந்தனர்.

எதிர்த்தோர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையாகாது. அவர்களுள் கொரியர், சீனர், இந்தியர் ஆகிய குடிவரவாளரும் கணிசமாக இருந்தனர். உறவினரோ பூர்வீகச் சொத்தோ இல்லாத நாட்டிலே, பிள்ளையின் படிப்பை நம்பி, சக்திக்கு மிஞ்சிய கடன்பட்டு, குறிப்பிட்ட ஒரு பாடசாலையின் எல்லைக்குள்ளே வீடு வாங்கியவர்கள் அவர்கள். கோடு நகர்ந்தால், முப்பது ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டிய கடன் நகராமல் நிற்கும். இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. பொருளியலறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பொஸ்டன் நகரைச் சூழ்ந்த புறநகர்களில் பாடசாலை எல்லைக்கு இருபுறமும் அருகருகே உள்ள வீடுகளின் விலைகளை ஒப்பிட்டார். ஊர் ஒன்று, தெருக்கள் ஒன்று, வரி ஒன்று. பாடசாலை மட்டும் வேறு. பரீட்சைப் பெறுபேறு நூற்றுக்கு ஐந்து பங்கு உயர்ந்திருந்த பக்கத்திலே வீட்டு விலை நூற்றுக்கு இரண்டரை பங்கு உயர்ந்திருந்தது. பொதுப் பணத்திலே இலவசமாக நடக்கும் பாடசாலைக்கு, வீட்டு விலையிலே மறைந்திருக்கும் கட்டணம் என்று இதைச் சொல்லலாம். கட்டணம் செலுத்தியவர் தமக்கு ஆசனம் உரித்து என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் சபை எவருக்கும் அத்தகைய உரித்தை எழுதிக் கொடுத்ததில்லை. வீட்டு உறுதியிலே பாடசாலையின் பெயர் எங்கும் இல்லை.

தூரம் பற்றிய முறைப்பாட்டிலே நியாயம் மிகுதி. நடந்து செல்லும் தூரத்தில் ஒரு பாடசாலை இருக்க, பிள்ளை பஸ் வண்டியிலே நெடுந்தூரம் போக வேண்டியிருந்தால் விடியற்கால நித்திரை குறையும். மாலை விளையாட்டுக்கு நின்றால் வீடு திரும்புவது கடினமாகும். இப்பாரம் செல்வர் வீட்டுப் பிள்ளையிலும் பார்க்க வறியவர் வீட்டுப் பிள்ளையையே அதிகம் அழுத்தும் என்பதைப் பலரும் பேசவில்லை. இரவு வேலைக்குச் செல்லும், சொந்த வண்டியில்லாத ஒரு தாய், மேற்கே உள்ள பாடசாலையில் ஆசிரியரைச் சந்திப்பதற்கு எப்படிப் போவாள்? செல்வக் குறிச்சியின் பெற்றோர் சிலர் தங்கள் எதிர்ப்புக்கு இந்தத் தாயைத் துணைக்கழைத்தனர் என்பது உண்மையே. அதனால் அவளுடைய சிரமம் பொய்யாகிவிடாது.

குறிச்சியின் ஒற்றுமை குலைந்துவிடும் என்ற வாதமே எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்டது. இவ்வாதத்திலேதான் பலம் குறைவு. இருக்கும் கோடு இயற்கையாக உண்டானதன்று. அதுவும் ஒரு காலத்திலே சபை வரைந்ததே. புதுப் பாடசாலை திறந்தபோதெல்லாம் அது மாறியிருக்கிறது. இருக்கைக் கணக்குக்காகக் கோட்டை நகர்த்தினால் நிருவாகம் என்றும், வறுமை குவிவதைக் குறைப்பதற்காக நகர்த்தினால் அரசியல் என்றும் சொல்வது, முன்னைய கோடு எவருக்கும் சாய்ந்ததன்று என்று எண்ணுவதால் வரும் தவறாகும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பயன் உண்டா என்பதே பெற்றோரும் சபையும் எதிர்நோக்கிய மெய்யான கேள்வி. இதற்கு ஹவர்ட் மாவட்டத்தின் அயலிலேயே ஒரு சான்று இருந்தது. மொன்ட்கொமெரி மாவட்டத்திலே 1970-களின் முற்பகுதி முதல், பெரிய வீட்டுத் திட்டம் கட்டுவோர் அதில் ஒரு பங்கை வருமானம் குறைந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் உண்டு. அவ்வீடுகளிற் சிலவற்றை அரசாங்க வீடமைப்பு நிலையம் வாங்கி வறிய குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்பது ஏறக்குறையத் திருவுளச் சீட்டு முறையிலேயே தீர்மானிக்கப்படுகிறது. இதனாலே ஒரே நிலையிலுள்ள வறிய பிள்ளைகளுட் சிலர் செல்வக் குறிச்சியின் பாடசாலைகளுக்கும் சிலர் வறியோர் மிகுந்த பாடசாலைகளுக்கும் செல்ல நேர்ந்தது. ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2001 முதல் 2007 வரை ஏறக்குறைய 850 பிள்ளைகளின் பெறுபேறுகளைத் தொடர்ந்து பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார். வறியோர் மிகுந்த பாடசாலைகளுக்குச் சபை மேலதிகப் பணமும் சிறிய வகுப்புகளும் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும், வறுமை குறைந்த பாடசாலைகளிற் படித்த வறிய பிள்ளைகளே ஆரம்பப் பாடசாலையின் இறுதியில் முந்தி நின்றனர். கணிதத்திலே அவர்களுக்கும் வசதியுள்ள பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த பேதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இச்சான்றை அளவுக்கு மீறி இழுத்தலும் ஆகாது. மொன்ட்கொமெரியின் பிள்ளைகள் தாம் படித்த பாடசாலையின் குறிச்சியிலேயே குடியிருந்தனர். மாலையிலும் அங்கேயே விளையாடினர். ஓரிடத்திலே பல ஆண்டுகள் நிலைத்திருந்தனர். கோட்டை மட்டும் நகர்த்தினால் வகுப்பறை மாறும். வீடும் அயலும் பழைய இடத்திலேயே இருக்கும். வீடமைப்பு பிரித்து வைத்ததை ஒட்ட வைக்கும் வேலையிலே ஒரு பகுதியைத்தான் பாடசாலை எல்லை செய்ய முடியும். அப்பகுதி சிறிதாயினும், ஹவர்ட் கல்விச் சபையின் கையில் இருந்தது அது ஒன்றே. வீடுகளை எங்கே எத்தகையனவாகக் கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கல்விச் சபைக்கு இல்லை.

2019 நவம்பர் 21-ஆந் தேதி சபை தீர்மானித்தது. அத்தியட்சகரின் திட்டம் அப்படியே ஏற்கப்படவில்லை. பலகோணம் பலகோணமாக எடுத்து விவாதித்து, சிலவற்றை விடுத்துச் சிலவற்றைச் சேர்த்து, ஏறக்குறைய 5,400 மாணாக்கரை மாற்றும் திட்டத்தைச் சபை நிறைவேற்றியது. அது முழு வெற்றியுமன்று, முழுப் பின்வாங்கலுமன்று. வறுமை ஓரளவு பரந்தது. மேற்குக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலிருந்த பேதம் மறைந்துவிடவில்லை.

மாற்றம் 2020-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் கொரோனா நோய் பரவிப் பாடசாலைக் கட்டடங்கள் மூடப்பட்டுவிட்டன. பஸ் பயணத்தின் தூரம் பற்றி இரவிரவாக வாதிட்டு வரைந்த கோட்டைத் தாண்டிய பிள்ளைகள், முதற்பருவம் முழுவதும் தத்தம் வீட்டிலிருந்தே கணினித் திரையின் வாயிலாகப் புதிய பாடசாலையில் சேர்ந்தனர். புதிய தோழர்களின் முகங்கள் சிறு சதுரங்களாகவே அவர்களுக்கு அறிமுகமாயின. 2021 மார்ச் மாதத்திலிருந்து சிறிது சிறிதாகவே பிள்ளைகள் கட்டடங்களுக்குத் திரும்பினர். அவ்விரு ஆண்டுகளின் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்து எல்லை மாற்றத்தின் பயனை அளத்தல் அதனாலே அரிதாயிற்று. எது நோயின் விளைவு, எது கோட்டின் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை.

பதின்மூன்றாவது உயர்தரப் பாடசாலை, கில்ஃபர்ட் பார்க் என்னும் பெயருடன், மாவட்டத்தின் கிழக்கே ஜெசப் என்னும் இடத்தில் 2023 ஆகஸ்ட் மாதத்திலே திறக்கப்பட்டது. அதன் வகுப்பறைகளுக்கு மாணாக்கரைச் சேர்ப்பதற்காக 2022-ஆம் ஆண்டிலே சபை தேசப்படத்தை மீண்டும் விரித்து, பலகோணங்களின் இலக்கங்களை வாசிக்கத் தொடங்கியது.